குளிர் மெஷின் கற்கப் போன மருமகள்

என் மருமகள் முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவி ஆனாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு மீசைகூட முழுதாக முளைக்கவில்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குச் சொல்கிற வேகம் கெட்டுப்போகும்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய துணிக்கடையில், மேல்மாடியில், ஆண்கள் சட்டைப் பிரிவில் இருந்தாள். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள், இவள் மடித்து வைப்பாள். மடித்த கையோடு இன்னொருவர் வந்து பிரிப்பார். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஒரு துண்டைக்கூட மடிக்க மாட்டாள். "கிடக்கட்டும் அத்தை, அதையும் மடிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்பாள். நானும் விட்டுவிட்டேன். மடிக்காத துண்டிலும் முகம் துடைக்க முடியும்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள் அந்த மாடியில் குளிர் மெஷின் நின்றுபோனது. வந்த கூட்டம் வந்த வழியே இறங்குகிறது, முதலாளி வாசலுக்கும் மாடிக்குமாக அலைகிறார். மெஷின் சரிபார்க்கிற கம்பெனியிலிருந்து ஒல்லியாக ஒருவன் ஏணியோடு வந்தான். ஏணியைப் பிடிக்க ஆள் தேடினான். என் மருமகள் போய்ப் பிடித்தாள். பிடித்தவள் வாயை மூடிக்கொண்டு பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அது என்ன தம்பி, உள்ளேருந்து போர்வையை உருவறீங்க?"

"போர்வை இல்லைங்க, தூசி. பாதி நீங்க உதறின சட்டை நூல்தான். காத்து போக வழி இல்லாம மெஷினுக்கு மூச்சு முட்டிடுச்சு."

"கழுவினா சரியாயிடுமா?"

"கழுவிக் குடுங்க, பார்ப்போம்."

மெஷினுக்குள் தூசி தடுக்கிற வலையை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவி உதறிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் மாட்டினான், இன்னும் என்னவோ திருகினான், மெஷின் ஓடியது. காற்று முதலில் இவள் நெற்றியில்தான் பட்டதாம். அதற்குப் பிறகு அவனை விடவில்லை. இது ஏன் இப்படி இருக்கிறது, அந்தக் குழாய் எங்கே போகிறது, வெளியே மாட்டியிருக்கிற பெட்டி எதற்கு என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். அவன் ஏணியை மடக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "இவ்ளோ கேக்கறீங்க. எங்க கம்பெனியில பழக ஆள் எடுக்கறாங்க. ஒரு வருஷம். பழகும்போதே மாசாமாசம் சம்பளம். வேணும்னா வாங்க."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்து ஏதோ சண்டை என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றாமலே பேச ஆரம்பித்துவிட்டாள். என் மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"கத்துக்கறவங்க காசு குடுப்பாங்களா, கத்துக்குடுக்கறவன் காசு குடுப்பானா? உன்னை எவனோ நல்லா சுத்தல்ல விட்டிருக்கான்."

"நீங்களே வந்து கேளுங்களேன்."

"உன் வயசைச் சொன்னியா?"

"அதை அவங்க கேக்கலைங்க. ஏணி ஏறுவீங்களான்னு கேட்டாங்க. ஏறுவேன்னேன்."

மறுநாள் வேனைத் துடைக்கிற நேரத்தில் இவளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். அது பொய் என்று நிரூபிக்கத்தான் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கிக்கிடந்தது. எல்லாம் உண்மை. வேலை செய்துகொண்டே பழகுவது, சம்பளம் உண்டு, சீருடை உண்டு. வருஷக் கடைசியில் ஒரு பரீட்சை. ஒரு மெஷினைத் தனியாக மாட்டி ஓட வைத்துக் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தால் அதற்கும் மார்க் உண்டு. தேறினால் கம்பெனியிலேயே நிரந்தர மெக்கானிக். தேறாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது தடவை என்பது கிடையாது.

"தேறலைன்னா?" என்றான் மகன்.

"தேறலைன்னா கடைக்கே திரும்பிப் போறேன். மடிச்சிக்கிட்டே இருக்கேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்" என்றாள்.

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. "அவ போறா. இதுல பேச ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி விளக்கை அணைத்துவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசி ஜெயித்ததில்லை.

கம்பெனியில் அந்த ஒல்லிப் பையனிடமே பழக விட்டார்கள். இவள் முதல் நாள் அவனை "சார்" என்று கூப்பிட்டாளாம். அவன் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தானாம். "அக்கா, என்னை யாருமே சார்னு சொன்னதில்ல. எங்க வீட்ல டேய்தான்." தம்பி என்று கூப்பிட்டால் மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள், மாஸ்டர் என்று கூப்பிட்டால் இவளுக்கே சிரிப்பு வருகிறது. இரண்டையும் சேர்த்து "தம்பி மாஸ்டர்" என்று வைத்தாள். ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்க அதுவே அவன் பெயர் ஆகிவிட்டது. சூப்பர்வைசர்கூட போனில் "தம்பி மாஸ்டர் எங்கேப்பா" என்றுதான் கேட்பாராம்.

போகிற வீடுகளில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் இவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க உக்காருங்க, பையன் வேலையை முடிக்கட்டும். அம்மாவையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டானா?" என்று டீ போடப் போய்விட்டாளாம். தம்பி மாஸ்டர் காது சிவக்க, "அம்மா இல்லைங்க, இவங்க எங்கிட்ட பழகறவங்க" என்றிருக்கிறான். அந்த அம்மாள் இவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ டீ யாருக்கு?" என்றாளாம். இவள் டீயைக் குடித்துவிட்டு மாடிக்கு ஏறி, வெளிப்பெட்டியைத் திறந்து, உள்ளே பல்லி மாட்டிச் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். அதுதான் அவள் தானாகக் கண்டுபிடித்த முதல் பழுது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நாங்கள் பல்லியைப் பற்றியே பேசினோம். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, அவளுக்கு மட்டும் இரண்டு மடங்கு இறங்கியது.

அந்தக் கம்பெனியில் குளிருக்கும் வேலை, சூட்டுக்கும் வேலை. மெஷின் குளிரை உண்டுபண்ணுவதே இல்லையாம். அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறதாம், அவ்வளவுதானாம். அது எனக்குப் புரிந்தது. பிறகு சொன்னாள், குளிர் காலத்தில் அதே மெஷினைத் திருப்பி ஓட்டினால் வெளியே இருக்கிற சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவரும் என்று.

"வெளியே பல்லு கிட்டிக்கிற குளிரு. அங்க எங்கடி சூடு இருக்கு, அள்ளிட்டு வர?"

"இருக்கு அத்தை. நமக்குத்தான் தெரியாது. குழாய்க்குள்ள ஓடற கேஸுக்குத் தெரியும்."

"நீ வேற ஆளைப் பாரு."

இன்றுவரை நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை.

தீயை வைத்துக் குழாயை ஒட்டுகிற வேலைக்குத்தான் முதலில் பயந்தாள். நீல நிறத்தில் சீறுகிற தீ. கை நடுங்கி, ஒட்ட வேண்டிய இடத்தைவிட்டுப் பக்கத்தில் இருந்த வயரைப் பொசுக்கிவிட்டாளாம். தம்பி மாஸ்டர் திட்டவில்லை. தன் முன்கையில் இருந்த தழும்பைக் காட்டி, "இது நான், என் முதல் மாசம்" என்றானாம். அதற்குப் பிறகு நடுக்கம் போய்விட்டது. ஆனால் இன்னொரு வியாதி பிடித்துக்கொண்டது. கதையே அதில்தான் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

உள்ளே மாட்டுகிற மெஷினையும் வெளியே மாட்டுகிற பெட்டியையும் மெல்லியது ஒன்று, பருத்தது ஒன்று என்று இரண்டு செம்புக் குழாய்கள்தான் இணைக்கின்றன. குழாயின் முனையைப் பூ மலர்ந்த மாதிரி விரிப்பார்கள். அந்த விரிந்த வாயை மெஷினின் மூக்கில் வைத்து, மேலே ஒரு பித்தளை நட்டைப் போட்டு முடுக்குவார்கள். நட்டு இல்லாமல் வாய் நிற்காது. வாயை விரிப்பதற்கு முன்னாலேயே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு நுழையாது. விரித்த வாயை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து விரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் குழாய் கட்டையாகிக்கொண்டே போகும்.

என் மருமகள் நட்டைப் போட மறப்பாள். குழாயை நேராக வெட்டுவாள், உள்ளே பிசிறு விழாமல் வாயைக் கீழே கவிழ்த்துச் சுரண்டுவாள், விரிக்கிற கட்டையில் பிடித்து அழகாக விரிப்பாள், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பூரித்துப் போவாள். நட்டு மேஜையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து சமையல் மேஜையிலேயே பழகினாள். நான் காய் நறுக்குவேன், அவள் பக்கத்தில் குழாய் நறுக்குவாள்.

"நட்டு?" என்பேன்.

"ஐயோ."

அப்புறம் வீடே அதைப் பிடித்துக்கொண்டது. அவள் வெளியே கிளம்பினால் என் மகன் வாசலில் நின்று, "நட்டு எடுத்துக்கிட்டியா?" என்பான். பேத்தி பள்ளிக்கூடப் பையை மாட்டும்போது தானே "நட்டு" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலைத் தேடுவாள். மருமகள் முறைப்பாள். ஆனால் மாதங்கள் போகப் போக மறதி குறைந்தது. கடைசியில் மறப்பதே இல்லை என்று ஆகிவிட்டது. நாங்களும் கேட்பதை நிறுத்தினோம்.

பரீட்சை நாள் வந்தது. யாரும் வர வேண்டாம், வந்தால் எனக்குக் கை உதறும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன். அவள் தெருமுனை திரும்பியதும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாப்பாடு கொடுக்கப் போவது வருவதில் சேராது.

கம்பெனியின் பின்பக்கத்தில் பெரிய கொட்டகை. இரும்பு ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டிருந்தார்கள், வாசலை அடைத்துக் கம்பிவலை. வலைக்கு வெளியே ஒரு பெஞ்சு. காவல்காரர், "பாட்டி, உக்காரலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது. வெளியேருந்து யாராவது குரல் குடுத்தா பரீட்சையை அங்கேயே நிறுத்திடுவாங்க" என்றார். "எனக்கு என்ன பேச இருக்கு?" என்று உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு சுவரைக் கட்டி வைத்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உள்மெஷினை மாட்ட வேண்டும், அந்தப் பக்கம் இரும்புத் தாங்கியில் வெளிப்பெட்டியை. குழாய் அளந்து கொடுத்தது, ஒரு விரற்கடைதான் கூட இருக்கும். பரீட்சை வைக்க வந்தது ஒரு அம்மாள். குட்டை முடி, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. புறங்கையில் பழைய தீத்தழும்பு. இவளும் இதே வேலையில் கிடந்து எழுந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஏமாற்ற முடியாத ஆள்.

பெட்டி கனமானது என்பதால் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். தம்பி மாஸ்டர் வந்து நின்றான். அந்த அம்மாள் அவனிடம் சொன்னாள்: "தூக்கச் சொன்னா தூக்கணும். வாய் திறக்கக்கூடாது. கண்ணாலயும் பேசக்கூடாது."

"சரிங்க மேடம்."

"அதுவும் பேச்சுதான்."

தம்பி மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

என் மருமகள் ஆரம்பித்தாள். அவள் வேலை செய்கிறதை நான் வீட்டு மேஜையில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே பார்த்தபோது இது வேறு ஆளோ என்று தோன்றியது. சுவரில் மட்டம் வைத்தாள், ஓட்டை போட்டாள், உள்மெஷினைத் தூக்கி மாட்டிவிட்டாள். உள்பக்க முனைகளுக்கு நட்டைக் கோத்து, விரித்து, முடுக்கினாள். எல்லாம் கடகடவென்று. வெளிப்பெட்டிக்கு வந்தாள், தம்பி மாஸ்டரைத் தூக்கச் சொல்லித் தாங்கியில் உட்காரவைத்து முடுக்கினாள். மெல்லிய குழாய் முடிந்தது. எனக்குப் பெஞ்சில் உட்கார இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து வலையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து பருத்த குழாய். வெட்டினாள். கவிழ்த்துச் சுரண்டினாள். அப்போது அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, "வயர்ல எது எங்க போகும், சொல்லு" என்று கேட்டாள். இவள் வயரைத் தொட்டுத் தொட்டுச் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி, குழாயை எடுத்துக் கட்டையில் வைத்து இறுக்கினாள்.

நட்டு மேஜையில் இருந்தது.

நட்டு, நட்டு என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வாயைத் திறந்தால் பரீட்சை போச்சு. முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். தம்பி மாஸ்டரின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு விறைத்துப் போயிருந்தது. அவனும் பார்த்துவிட்டான். பக்கத்தில் யாரோ "சே" என்று முணுமுணுத்தார்கள். திரும்பினால் என் மகன் நிற்கிறான். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறான்.

"நீ எங்கடா இங்க?" என்று கண்ணால் கேட்டேன்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று கையைக் காட்டினான். அந்தப் பக்கம் பள்ளிக்கூடமே கிடையாது.

அவள் பிடியைச் சுற்றினாள். வாய் விரிந்தது. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். தூக்கிப் பார்த்தாள், பூரித்தாள், நட்டை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். குழாயை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மறுமுனை உள்ளே மெஷினோடு முடுக்கியாகிவிட்டது, அந்தப் பக்கமாகவும் நட்டு போக வழியில்லை. வெட்டும் கருவியை எடுத்தாள். அவ்வளவு அழகாக விரிந்த வாயை வெட்டித் தரையில் போட்டாள். அது விழுந்த சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. இந்தத் தடவை நட்டை முதலில் கோத்தாள், அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விரித்தாள்.

இப்போது குழாய் எட்டவில்லை. பெட்டியின் மூக்குக்கும் குழாயின் வாய்க்கும் நடுவே ஒரு கட்டைவிரல் நுழைகிற இடைவெளி.

இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும். வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை முடுக்கினால் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஓடவும் ஓடும். வெளிப்பெட்டி ஓட ஓட அதிரும், அதிர அதிர அந்த விறைப்பான குழாய் கழுத்தில் விரிசல் விடும், கேஸ் போய்விடும். இதெல்லாம் அவள் காய் நறுக்குகிற நேரத்தில் எனக்குச் சொன்னதுதான். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மருமகள் குழாயை விட்டுவிட்டாள். ஸ்பானரை எடுத்து வெளிப்பெட்டியின் கால் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் அந்த அம்மாள்.

"குழாய் பெட்டிகிட்ட வராது மேடம். அதான் பெட்டியைக் குழாய்கிட்டக் கொண்டு போறேன்."

"மாட்டினதைப் பிரிச்சா நேரம் போகும்."

"தெரியும் மேடம்."

தாங்கியில் போல்ட்டுக்குக் காடி என்று நீளமான துளை வெட்டியிருக்கும். அதற்குள் பெட்டியைத் தள்ளி வைக்கலாம். "தம்பி மாஸ்டர், தூக்குங்க" என்றாள். அவன் காத்துக்கொண்டிருந்தவன் போலப் பாய்ந்து தூக்கினான். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் தோளில் வைத்துத் தூக்கினான். "இன்னும் கொஞ்சம். கொஞ்சம். போதும், இறக்குங்க." போல்ட்டை முடுக்கினாள். மட்டம் பார்த்தாள். குழாயின் வாய் மூக்கில் போய்த் தானாக உட்கார்ந்தது. நட்டைக் கையாலேயே பாதிவரை ஏற்றினாள், பிறகு ஸ்பானர்.

என் மகன் என் தோளைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அது பிறகுதான் வலித்தது.

அடுத்து குழாய்க்குள் காற்றை அடைத்து, முடுக்கிய இடங்களில் சோப்பு நுரையைத் தடவினாள். கசிந்தால் குமிழி வரும். குனிந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குமிழி இல்லை. அடைத்த காற்றை வெளியேற்றிவிட்டுப் பம்பை மாட்டினாள். குழாய்க்குள் மிச்சம் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் ஒரு சொட்டு விடாமல் அந்தப் பம்பு உறிஞ்ச வேண்டும். பம்போடு மாட்டிய மீட்டரில் முள் கீழே இறங்கி, இறங்கிய இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு அவசரம் ஆகாது. பம்பு கரகரவென்று ஓடுகிறது, முள் இறங்கிக்கொண்டிருக்கிறது, மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சுது" என்றாள் அந்த அம்மாள். "கேஸ் வால்வைத் திற."

"இன்னும் முள்ளு நிக்கலை மேடம்."

"இப்போ திறந்தா நேரத்துக்கு மார்க் உண்டு. இல்லைன்னா அதுல ஒண்ணும் கிடைக்காது."

கொட்டகையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். எனக்குத் திறந்து தொலையேன் என்று ஒரு மனசு, திறக்காதே என்று ஒரு மனசு.

"ஈரத்தை உள்ளே வச்சு மூட மாட்டேன் மேடம். அது மெஷினைத் தின்னுடும். நேரத்து மார்க் போகட்டும்."

"நட்டுக்கு ஏற்கனவே கழிச்சாச்சு. மிச்சம் இருக்கறதுல ஒண்ணு குறைஞ்சாலும் தேற மாட்டே. தெரியுமில்ல?"

"தெரியும்."

பம்பு மட்டும் பேசியது. அவள் முள்ளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முள் நகர்ந்தது, தயங்கியது, நின்றது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, பம்புக்குப் போகிற வழியை மூடிப் பம்பை நிறுத்தினாள். சட்டென்று வந்த அமைதியில் என் காதுக்குள் பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்காவது கசிவு இருந்தால் முள் மேலே ஏறும். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, இவளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முள் அசையவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது.

"இப்போ திற."

சின்னச் சாவியை விட்டுத் திருகினாள். உஸ்ஸென்று கேஸ் குழாய்க்குள் ஓடுகிற சத்தம். சுவிட்சைப் போட்டாள். வெளிப்பெட்டியின் காற்றாடி சுற்றியது. பருத்த குழாய் மெல்ல மெல்லக் குளிர்ந்து வேர்த்தது. அந்த அம்மாள் சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, உள்மெஷினுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கையில் இருந்த அட்டையில் என்னவோ போட்டாள்.

"நேரத்துக்கு ஒண்ணும் இல்ல. நட்டை மறந்ததுக்கும் கழிச்சிருக்கேன்."

"சரிங்க மேடம்."

"மிச்சத்துல கழிக்க எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. பாஸ்."

என் மருமகளுக்குப் புரியவில்லை. "என்ன மேடம்?" என்றாள்.

"பாஸ்னு சொன்னேன். கையைத் துடைச்சிட்டுக் குடு."

அவள் கையைக் குலுக்கிவிட்டு அந்த அம்மாள் தம்பி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். "இப்போ நீ பேசலாம்."

அடைத்து வைத்த குழாய் திறந்துவிட்ட மாதிரி கொட்டினான். "அக்கா, நான் செத்தே போயிருப்பேன் அக்கா. நட்டை மேஜையில விட்டுட்டு நீங்க திரும்பி வயரைப் பத்திப் பேசறீங்க, எனக்குத் தலை சுத்துது. பெட்டியைத் தள்ளணும்னு எப்படிக்கா தோணுச்சு? நான் சொல்லியே குடுக்கலையே."

"நீங்க சொல்லலை. நீங்கதான் ஒரு நாள் தாங்கியில காடி எதுக்குன்னு நான் கேட்டப்போ, பேசாம வேலையைப் பாருங்கன்னு திட்டினீங்க. அப்புறம் நானே பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

என் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, பேசலாமா என்று காவல்காரரைக் கேட்டேன். பேசலாம் என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்" என்று கத்தினேன். அவள் அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். வர வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். கோபப்பட மறந்துவிட்டாள்.

சாப்பிடவும் விடவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் மெஷின் நின்றுபோய், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறதாம். எல்லா ஆட்களும் வெளியே போயிருக்கிறார்கள், கம்பெனி வண்டியும் இல்லை.

"தம்பி மாஸ்டர், நீ போறியா?"

தம்பி மாஸ்டர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துகொண்டான். "என்னால எழுந்திரிக்க முடியலை சார். கை கால் எல்லாம் விட்டுப்போச்சு. மெக்கானிக் அக்கா இருக்காங்களே."

மெக்கானிக் அக்கா கருவிப் பையை ஏற்கனவே தோளில் மாட்டியிருந்தாள். "ஏங்க, வேன் இருக்கில்ல?" என்றாள் என் மகனிடம். அவன் "இருக்கு, இருக்கு" என்று ஓடினான். இரண்டு பேருமாக ஏணியைத் தூக்கி வேனுக்குள் செருகினார்கள். பிள்ளைகள் உட்காருகிற இருக்கை எல்லாவற்றையும் தாண்டி அது பின் ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு சிவப்புத் துணியைத் தேடி முனையில் கட்டினார்கள். எனக்கு உட்கார இடம் இல்லை.

"அத்தை, நீங்க?" என்றாள்.

"நான் பஸ்ல போறேன். நீ போ. வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்களாம்."

வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, தெருவில் யாரும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். எங்கே இறங்கணும் என்று கேட்டார். நான் அதைச் சொல்வதற்குப் பதிலாக, உங்கள் வீட்டில் குளிர் மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, நன்றாக ஓடுகிறது என்றார்.

"எவ்வளவு நாள்தான் ஓடும்?" என்றேன். "நின்னா சொல்லுங்க. எங்க வீட்ல மெக்கானிக் இருக்கா."